ஐந்து நிமிடம் தனியே கேளுங்கள்: பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், தமிழ்மொழிப் பணித்தியத்தினருக்கும் (பாட ஆசிரியர் குழுவினருக்கும்), முதலாம் ஆண்டு ஆசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் 19 ஆண்டுகளாகப் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே ஒரு சிறு மண்டபம் உண்டு. சனிக்கிழமை காலையில் முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அங்கே என்னிடம் வருவார்கள். அதை டியூஷன் என்று சொல்ல முடியாது. காசும் இல்லை, பாடமும் இல்லை. ஒருவர் பின் ஒருவராகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாசிப்பார்கள், நான் கேட்பேன். அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்குப் புரிந்ததை உங்களிடம் சொல்லவும், உங்களிடம் ஒன்றைக் கேட்டுப் பெறவும் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு சிறுமியை அவள் அம்மா அழைத்து வந்தார். பாடநூலைத் திறந்தாள், ஒரு பத்தியைக் கடகடவென்று வாசித்தாள். விரல் வரியோடு ஓடியது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். அம்மாவின் முகத்தில் பெருமை. எனக்கு அந்த விரல் மேல்தான் சந்தேகம். வாய் ஒரு சொல்லில் இருக்க, விரல் அடுத்த சொல்லுக்குப் போயிருந்தது. இரண்டு காகிதத் துண்டுகளை எடுத்து, மூன்றாம் வரியில் ஒரே ஒரு சொல் தெரியும்படி மற்றதையெல்லாம் மறைத்தேன். 'கூடை' என்ற சொல். "இது என்னம்மா?" என்றேன். பதில் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. குனிந்து காது கொடுத்தேன். பத்தியின் முதல் சொல்லிலிருந்து தொடங்கி, வாய்க்குள்ளேயே ஒப்பித்துக்கொண்டு மூன்றாம் வரிக்கு வந்துகொண்டிருந்தாள். வந்து சேர்ந்ததும் "கூடை" என்றாள். சரியான விடைதான். அதே சொல்லை வெள்ளைத்தாளில் எழுதிக் காட்டியபோது கண் கலங்கிவிட்டது. "இது எங்க புக்ல இல்ல டீச்சர்" என்றாள்.

அவளுக்கு அப்போது எழுத்துகளில் பாதிகூடத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் பாடநூல் முழுவதையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருந்தாள். அவ்வளவு கூர்மையான பிள்ளை! வகுப்பே ஒரே குரலில் வாசிக்கும்போது அவள் குரலும் சேர்ந்தே ஒலித்திருக்கும். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னாலும் தடுமாறியிருக்க மாட்டாள். வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கையில் தமிழுக்கு ஆறு நிலைகளில் நிலை 4 என்று இருந்தது. அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்ணுக்கும் காதுக்கும் அவள் நன்றாக வாசிக்கிற பிள்ளை.

2019இலிருந்து முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளித் தேர்வு இல்லை. அதை நான் முழு மனத்தோடு வரவேற்றவள். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தேர்வுத்தாளும் தரவரிசையும் வேண்டவே வேண்டாம். ஆனால் தேர்வு போன இடத்தில், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்பது வந்திருக்க வேண்டும். பல இடங்களில் அது வரவில்லை. 1 முதல் 6 வரை ஓர் எண் வந்தது. பிள்ளைக்கு எந்த எழுத்து தெரியவில்லை, எந்தக் கொம்பில் தடுக்குகிறது என்பதை அந்த எண் எந்த அம்மாவுக்கும் சொல்லாது.

நம் எழுத்தில் பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் நமக்கே உரியவை. மலாய் மொழிக்கு வைத்திருந்த சோதனையைப் பெயர்த்து வைத்தால் அவை அகப்படா. 2010இல் கல்வி அமைச்சு லைனஸ் திட்டத்தைக் கொண்டுவந்தது உங்களுக்குத் தெரியும். முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்கு மலாய் எழுத்தறிவும் எண்ணறிவும் சோதித்தார்கள். தனி எழுத்தில் தொடங்கி வாக்கியம் வரைக்கும் 12 படி. 2013இல் ஆங்கிலமும் சேர்ந்தது. தமிழ் வாசிப்புக்கு அப்படி ஒரு படிவரிசை அதில் இல்லை. மலாயில் 'பா' (pa) என்றால் ப் முதலில், ஆ பிறகு, கண்ணுக்குத் தெரிகிற வரிசையும் வாய் சொல்கிற வரிசையும் ஒன்று. அதே பிள்ளை தமிழ்ப் புத்தகத்தைத் திறந்ததும் அந்த வரிசை உடைகிறது.

சனிக்கிழமைக்கு வரும் ஒரு பையன் 'கதை' என்பதைக் 'கைத' என்று வாசித்தான். நானும் முதலில் கவனக்குறைவு என்றுதான் நினைத்தேன். பிறகு 'நடை' வந்தது, 'நைட' என்றான். 'மலை' வந்தது, 'மைல' என்றான். 'கதை' என்ற சொல்லை அவன் கண்ணால் பார்த்துவிட்டு யோசியுங்கள். க நிற்கிறது, அடுத்து ஐகாரக் கொம்பு நிற்கிறது, அதற்கப்புறம்தான் த. இடமிருந்து வலமாக ஒழுங்காக வாசித்தால் 'கைத' தானே வரும்! அவன் தப்பாக வாசிக்கவில்லை, யாரும் சொல்லித்தராத ஒரு விதியைத் தானே ஊகித்து அதன்படி நடந்திருக்கிறான். "டீச்சர், முன்னால இருக்கிறத ஏன் அப்புறம் சொல்றோம்?" என்று அவனே ஒரு நாள் கேட்டான். இவ்வளவு தெளிவாகச் சிக்கலைச் சொன்னவர்கள் குறைவு.

கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம், ஒலி எழுத்துக்குப் பின்னால். ஒகர ஓகாரமோ இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. கையெழுத்தில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருப்பதால் 'கொடி'யைக் 'கெரடி' என்றும் 'பாடம்' என்பதைப் 'பரடம்' என்றும் வாசிக்கும் பிள்ளைகள் உண்டு. உகர ஊகாரம் இன்னொரு காடு: கு, சு, டு, மு, து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வால், ஒரு சுழி. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாடுகூட வீரமாமுனிவர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது என்பார்கள். அத்தனை தலைமுறைப் பெரியவர்களே சூழலை வைத்துத்தான் எகரமா ஏகாரமா என்று தெரிந்துகொண்டார்கள் என்றால், ஏழு வயதுப் பிள்ளை அங்கே ஒரு மாதம் தங்கினால் என்ன குறைந்துவிடும்? லை, ளை, னை எல்லாம் 1978 சீர்திருத்தத்துக்கு முன் துதிக்கை வைத்த வடிவத்தில் இருந்தன. பாட்டி பழைய பழக்கத்தில் எழுதித் தந்த தாளைப் பார்த்து "இது தமிழா?" என்று கேட்ட பிள்ளையையும் பார்த்திருக்கிறேன்.

247 எழுத்து என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதை ஒரு பிள்ளை எவ்வளவு காலத்தில் தன்வசப்படுத்தும் என்று மட்டும் யோசிப்பதில்லை. கன்னடம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி ஆய்வாளர் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பெரிய ஆறுதல். நம்மைப் போல உயிர்மெய் எழுத்துமுறை கொண்ட மொழிகளில் எழுத்தறிவு முதலாம் ஆண்டோடு முடிவதில்லை, மூன்றாம் நான்காம் ஆண்டு வரைக்கும் நீள்கிறது என்று அது காட்டியது. ஆகவே ஆங்கிலத்தின் 26 எழுத்துக் கணக்கை வைத்துக்கொண்டு நம் பிள்ளையை மந்தம் என்று முடிவுகட்டுவது அநியாயம். அதே சமயம், இரண்டாம் ஆண்டு நடுவில் கொம்பு குழம்புகிற பிள்ளையைத் 'தானாக வந்துவிடும்' என்று விட்டுவிடுவதும் அநியாயம்தான்.

எழுத்துகளை வரிசையாகக் கேட்காதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். க, கா, கி, கீ என்று பாட்டுப்போலச் சொல்வது நினைவாற்றல். அதே எழுத்துகளைக் கலைத்துப்போட்டு மே, டு, ணை, கொ, றி என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். சொற்களிலும் அப்படியே, படம் இல்லாமல் காட்டுங்கள். பிறகு பொருளே இல்லாத சொற்கள் நாலைந்து: 'தோமி', 'பெலு', 'கேபை' போல. எந்தப் புத்தகத்திலும் இல்லாத சொல்லை மனப்பாடத்திலிருந்து எடுக்க முடியாது. அந்தச் சிறுமியைப் போன்ற பிள்ளைகள் இங்கேதான் அகப்படுவார்கள், அகப்படுவது அவர்களுக்கு நல்லது.

அதன்பின் பிள்ளை இதுவரை பார்த்திராத ஒரு சிறு பத்தி, 40 சொல் போதும். ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வந்தது என்று குறித்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், எந்த இடத்தில் எப்படித் தவறியது என்று அப்படியே எழுதிக்கொள்வது. 'கதை'க்கு மேல் 'கைத' என்று எழுதிவைத்தால் அடுத்த வாரம் என்ன சொல்லித்தர வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். தவறு என்று சிவப்புக் கோடு மட்டும் போட்டால் அது போய்விடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் தாளில் "பாட்டி குடை பிடித்துக்கொண்டு வந்தார்" என்று ஒரு வரி உண்டு. பாதிப் பிள்ளைகள் அதைப் "பாட்டி குடை பிடிச்சிக்கிட்டு வந்தாங்க" என்று வாசிப்பார்கள். தயவுசெய்து இதைப் பிழை என்று கணக்கிடாதீர்கள். எழுத்தைப் பார்த்து, பொருளைப் புரிந்து, தன் வீட்டுத் தமிழில் அந்தப் பிள்ளை திருப்பிச் சொல்கிறது. வாசிப்பின் உயிரே அதுதான். எழுத்துத் தமிழின் வடிவத்தை மெல்ல மெல்லக் காட்டிக்கொள்ளலாம். ஒவ்வோர் எழுத்தையும் சரியாக ஒலித்துவிட்டு, பாட்டி எதைப் பிடித்தார் என்று கேட்டால் விழிக்கிற பிள்ளையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் சொன்ன ஒரு கணக்கு உண்டு. எழுத்தைக் கூட்டி வாசிக்கும் திறனையும், காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்றார்கள். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். எனவே பிள்ளை தானே வாசித்த பத்தியிலிருந்து நான்கு கேள்வி கேட்டபின், அதே அளவில் இன்னொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, அதிலிருந்தும் மூன்று கேள்வி கேளுங்கள். காதால் கேட்டதற்கு நன்றாக விடை சொல்லி, தானே வாசித்ததில் திணறினால் அந்தப் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி வேண்டும். இரண்டிலும் திணறினால், வீட்டில் தமிழ் குறைவு என்று பொருளாகலாம். அந்தப் பிள்ளைக்கு எழுத்து அட்டையைத் திரும்பத் திரும்பக் காட்டிப் பயனில்லை. கதை சொல்ல வேண்டும், பேச வேண்டும், 'முறம்' என்றால் முறத்தையே கையில் கொடுக்க வேண்டும். இந்த இரு வகைப் பிள்ளைகளையும் ஒரே குறைநீக்கல் வகுப்பில் உட்காரவைத்து ஒரே தாளைத் தருவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இது நானாக இட்டுக்கட்டிய முறை என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பினர் 2005இலிருந்து வீடு வீடாகப் போய், எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று ஒரே தாளை வைத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அந்தத் தாள் தமிழிலும் உண்டு. கேட்பவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். அவர்களால் முடிந்தது நம் ஆசிரியர்களால் முடியாதா?

நேரம் எங்கே என்பீர்கள். நியாயமான கேள்விதான். பதிவேடும் இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்களும் உங்கள் நேரத்தை எப்படித் தின்கின்றன என்று என் தோழிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வகுப்பில் 30 பிள்ளைகள், ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 150 நிமிடம், இரண்டரை மணி நேரம். நாளைக்கு மூன்று பிள்ளை என்று வைத்தால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். நம் மாநிலத்தின் சிறிய பள்ளிகளில் முதலாம் ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகூடச் சேராத வகுப்பும் உண்டு, அங்கே ஒரே காலையில் முடியும்.

என் மகனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மடலுக்கு அவனே காரணம். மூன்றாம் ஆண்டிலும் அவன் தமிழில் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தான். மலாயிலும் அப்படி, ஆங்கிலத்திலும் அப்படி. சோம்பேறி என்றார்கள் பள்ளியில். நானும் வீட்டில் அதையே சொன்னேன், ஆசிரியையாக இருந்துகொண்டே சொன்னேன். கண் பரிசோதித்தோம், காது பரிசோதித்தோம், இரண்டும் நன்றாக இருந்தன. ஒன்பது வயது முடிந்த பிறகுதான் மருத்துவர் டிஸ்லெக்சியா என்றார். ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் மூளைக்கு இருக்கும் சிரமம் அது. அறிவுக் குறைவும் இல்லை, சோம்பலும் இல்லை. பல குடும்பங்களில் வழிவழியாக வரும், எங்கள் குடும்பத்திலும் இருந்திருக்கிறது. படிப்படியாக, ஒழுங்கான முறையில் கற்பித்தால் முன்னேறுவார்கள், அவனும் முன்னேறினான். ஆனால் அந்த இரண்டு ஆண்டு ஏச்சை என்னால் திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை. முதலாம் ஆண்டில் யாராவது அவனைத் தனியே உட்காரவைத்து மூன்று மொழியிலும் கேட்டிருந்தால், மூன்றிலும் ஒரே மாதிரித் தடுக்குகிறான் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும். மலாயில் சரளமாகப் போகிற பிள்ளை தமிழில் மட்டும் தடுமாறினால், பெரும்பாலும் பழக்கமும் பயிற்சியும்தான் குறை. எல்லா மொழியிலும் தடுமாறினால் காத்திருக்காதீர்கள், பெற்றோரைக் கூப்பிட்டு நேராகச் சொல்லி, மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள்.

பெற்றோரிடம் சொல்லும்போது நிலை எண்ணைச் சொல்லாமல் எழுத்தைச் சொல்லுங்கள். "உங்கள் மகளுக்கு ஒற்றைக்கொம்பு நன்றாக வருகிறது, ஐகாரத்தில் தடுமாறுகிறாள், இந்த ஆறு சொல்லை இந்த வாரம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்" என்றால் எந்த அம்மாவும் செய்வார். "தமிழில் கொஞ்சம் வீக், வீட்டில் படிக்க வையுங்கள்" என்றால் பாவம், அவர் என்ன செய்வார்? பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்த 1972இலிருந்து எத்தனையோ தாய்மார்கள் ஷிஃப்ட் வேலைக்குப் போய்வருகிறார்கள். இரவு வேலை முடித்து வந்து தூங்குகிற நேரத்தில் பிள்ளை பள்ளியில் இருக்கும். தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழ் வாசிக்கத் தெரியாத அப்பாக்களும் உண்டு. அவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு சிறு பத்தியை உங்கள் குரலில் பதிந்து அனுப்புங்கள், அப்பாவும் மகனும் சேர்ந்து கேட்டுக்கொண்டே வரியைத் தொடரட்டும். ஓர் அப்பா இப்படியே மகனோடு சேர்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டார். தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் பெயர்ப்பலகைகளை இருவரும் போட்டி போட்டு வாசித்தார்களாம். அதை என்னிடம் சொல்லும்போது அவருக்குத்தான் மகனைவிட மகிழ்ச்சி.

எழுத்தில் தடுக்குகிற பிள்ளைக்கு நான் செய்வது மிகச் சிறியது. சொல்லில் முதலில் எழுத்தைத் தொடு, அதன் ஒலியை வாயில் பிடித்துக்கொள், பிறகு கொம்பைத் தொடு, இரண்டையும் சேர்த்துச் சொல். க், ஐ, கை. த், ஐ, தை. நம் இலக்கணம் உயிரும் மெய்யும் சேர்ந்தது உயிர்மெய் என்று இதைத்தானே சொல்கிறது? 'கைத' என்ற பையனுக்கு இது பிடிபட மூன்று சனிக்கிழமை ஆயிற்று. நாள்தோறும் 15 நிமிடம், மூன்று நான்கு பிள்ளை கொண்ட சிறு குழுவில் செய்தால் இன்னும் விரைவாக வரும். ஒரே பத்தியை மூன்று நாள் திரும்ப வாசிக்க விடுங்கள். மூன்றாம் நாள் குரல் மாறுவதை நீங்களே கேட்பீர்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் நம் குடியிருப்புத் தாமான்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு காலை அவர்களை அழைத்து, வகுப்பு வாசலில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி போட்டுக்கொடுங்கள். பஸ்சுக்கும் தேநீருக்கும் ஆகும் வெள்ளியைச் சங்கம் கொடுத்தால் போதும். ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்து வாசித்துவிட்டுப் போகலாம்.

1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியதைத்தான் இந்த நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். 2016இல் அதற்கு 200 ஆண்டு விழாவும் எடுத்தோம். தொடங்கிய இடம் நம்முடையது. அதனால்தான் இதையும் நாமே தொடங்கலாம் என்று உங்களிடம் கேட்கிறேன். முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒவ்வொருவரையும் ஆண்டில் மூன்று முறை தனியே கேளுங்கள்: முதல் பள்ளி விடுமுறைக்கு முன், ஆண்டின் நடுவில், ஆண்டு முடியுமுன். மதிப்பெண் வேண்டாம், அறிவிப்புப் பலகையில் பெயர்ப்பட்டியல் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள், அந்தத் தாள் அதே பிள்ளையோடு இரண்டாம் ஆண்டு ஆசிரியரிடம் போகட்டும்.

நான் பயன்படுத்தும் தாளை எந்தப் பள்ளி கேட்டாலும் நகலெடுத்துத் தருகிறேன். கலைத்துப்போட்ட 20 எழுத்து, 10 சொல், பொருளில்லாத 5 சொல், ஒரு பத்தி, நான்கு கேள்வி. கூடவே நான் வாசித்துக் காட்டுகிற பத்தியும் அதற்கான மூன்று கேள்வியும். உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்மொழிப் பணித்தியக் கூட்டத்தில் செய்து காட்ட அழைத்தாலும் வருகிறேன், தீவோ பிறையோ நிபோங் திபாலோ எங்கே என்றாலும் சரி. சனிக்கிழமை காலை மட்டும் முடியாது, பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு பாலர் பள்ளி ஆசிரியை,
ஜெலுத்தோங், பினாங்கு